தைக்கத் தெரியாத தையல் அக்கா

போன் அடித்தால் பதில் சொல்லாத ஆட்களுக்கே போன் அடித்து, அதற்குச் சம்பளமும் வாங்குகிற தொழில் ஒன்று உண்டு. அதை நான் மட்டக்களப்பில் செய்துகொண்டிருக்கிறேன். மகனுக்கு அடித்து, மச்சானுக்கு அடித்து, கூரை வேலையை அரைகுறையாய் விட்டுப்போன மேசன் பாஸுக்கு அடித்து, "நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது..." என்கிற அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு அது எப்போதாவது வருகிற தலையிடி. எனக்கு அது உத்தியோகம்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய் நாள் தவறாமல் மருந்துக் குளிசை எடுத்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். அவளும் நலமாக இருப்பாள், பிள்ளைக்கும் தொற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றில் இருக்கும் வரை ஒரு தவணை பிசகாமல் கிளினிக்குக்கு வருவார்கள். பிறந்த பிறகுதான் காணாமல் போவார்கள். கைப்பிள்ளை, தூக்கமில்லாத உடம்பு, வீடு நிறையச் சொந்தக்காரர், வாசலைத் தாண்டினால் "எங்க போறாய்" என்று ஒரு கேள்வி. பிள்ளைக்கு ஒன்றரை வயதில் கடைசி இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் தாயை விடாமல் பிடித்து வைத்திருக்கத்தான் ஒரு போனையும் அதோடு என்னையும் போட்டிருக்கிறார்கள். இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெயரை மாற்றுவதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம் என்பது இனி உங்களுக்கே விளங்கும்.

என்ன பெயரில் போடுவது?

புதுத் தாய் ஒருத்தி எங்களிடம் வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "என் இலக்கத்தை உங்கள் போனில் என்ன பெயரில் போடப்போகிறீர்கள்?" என்பதுதான். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒருவருடைய போன் என்று ஒன்று கிடையாது. மேசையில் கிடந்து அடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் எடுப்பார். கிளினிக் என்று போட்டால் அன்றைக்கே ஊர் முழுக்கக் கதை. அதனால் நான் ஒரு வீட்டில் மீன் மாமி, இன்னொரு வீட்டில் போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கடை. ஓட்டமாவடியில் ஒரு தாய் என்னை 'சீட்டுக்காரி' என்று போட்டிருக்கிறாள். சீட்டுக் காசு கேட்கத்தான் என்று நினைத்து, அந்த வீட்டில் என் அழைப்பு வந்தால் அவளைத் தவிர வேறு யாரும் போனைத் தொடமாட்டார்களாம்.

தேற்றாத்தீவுச் சுகந்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'தையல் அக்கா' என்று போட்டாள். அவளுக்கு அப்போது பிள்ளை பிறந்து சில நாள்தான். கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். அவருக்கு விசயம் தெரியும், அவரும் எங்களிடம்தான் மருந்து எடுக்கிறார். தெரியாதது ஒரே கூரையின் கீழ் இருக்கும் சுகந்தியின் அம்மாவுக்கு மட்டும்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்பது சுகந்தியின் பயம். ஏன் தையல் அக்கா என்று கேட்டேன்.

"தையல்காரிட்டத்தானக்கா எத்தின தரம் போனாலும் ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டாங்க. ஒரு நாளும் சொன்ன நாளைக்குத் தர மாட்டாளுகளே!"

அளவுச் சட்டை

பிறந்த பிள்ளைக்கு முதல் கிழமைகளில் ஒரு மருந்துப் பாணி கொடுக்க வேண்டும். அதைச் சரியாகக் கொடுக்கிறாளா என்று கேட்கச் சுகந்திக்கு அடித்தேன். "ஹலோ" என்றது சுகந்தியின் குரல். நானும் மூச்சு விடாமல், "பிள்ளைக்குப் பாணி குடுத்தாச்சா? கக்கினதா?" என்று கேட்டுவிட்டேன்.  அந்தப் பக்கம், "ஆரு கதைக்கிற?" என்று கேட்டது. தாயும் மகளும் ஒரே குரலில் பேசுவதைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

சுகந்தியின் அம்மா பூமணி. சந்தையில் மரக்கறி விற்கிறவர், ஆளைப் பார்க்காமலே ஆளை எடைபோடக் கூடியவர்.  "நான்... தையல் அக்கா" என்றேன்.  அழைப்பை வெட்டிவிடலாமா என்று விரலைக் கொண்டுபோகிற நேரத்தில் அவர் குரல் தேன் மாதிரி வந்தது.

"அப்பிடியா? அப்ப எனக்கும் ஒரு சாறிச் சட்டை தைச்சுத் தா மகள். அளவுச் சட்டையும் துணியும் சுகந்தியிட்டக் குடுத்து விடுறன்."

நசீராவின் கத்தரிக்கோல்

அடுத்த தவணைக்குச் சுகந்தி பிள்ளையும் பையுமாக வந்தாள். பைக்குள் மயில் பச்சையில் ஒரு துணி. "அம்மா நீங்க தைப்பீங்க எண்டு நம்பி இருக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண்ணாடி வேண்டும். கடையில் கொடுக்கலாம் என்றால் கலியாண மாதம். ஆரையம்பதியில் என் வீட்டைச் சுற்றியிருக்கும் தையல்காரர் எல்லாரும் துணியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

எங்கள் கிளினிக் தாதி நசீராதான் கைகொடுத்தாள். காத்தான்குடியில் தலைமுறையாய்த் துணியோடு கிடக்கிற குடும்பம் அவளுடையது. "கொண்டா இஞ்ச" என்று வாங்கி, மதியச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கத்தரிக்கோலை எடுத்து ஒரே இழுப்பில் வெட்டினாள். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. வெட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தால் ஒரு கை முழங்கைக்கு மேலே, மற்றது முழங்கைக்குக் கீழே. இரண்டு பேரும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "நீங்கள் துணிக்காரக் குடும்பம்தானே?" என்றேன்.

"எங்கட வீட்ட செய்யிறது நெசவு, ராஜி. நெய்யத் தெரியும். வெட்டினது இண்டைக்குத்தான் முதல் தரம்."

காற்றோட்டம்

அந்தச் சட்டையை என் தாய்வழிச் சித்தியின் மெசினில் ஒருவாறு ஒட்டி அனுப்பிவைத்தேன். சுகந்தியின் போனிலிருந்து பூமணி அக்கா அடித்தார்.  இந்த ஒரு சட்டையால் எல்லாம் வெளியே வந்து, சுகந்தி வெட்கத்தில் இந்தப் பக்கமே வராமல் விட்டுவிட்டால் என்ன செய்வேன்? இதைத்தான் முதல் நாள் இரவெல்லாம் நினைத்துக் கிடந்தேன். ஆனால் அவர் ஒரு குறை சொல்லவில்லை. சட்டை நன்றாக இருக்கிறதாம். அடுத்த மாதத்துக்கும் துணி வருகிறதாம்.

நசீராவுக்குச் சொன்னேன். கலியாண மாதம் முடிகிறது, இனி நல்ல தையல்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. முதல் சட்டை கோணலாய் இருந்து இரண்டாம் சட்டை திறமாய்ப் போனால் சந்தேகம் வராதா என்று கேட்டாள். யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. ஆகவே நாங்கள் மாதாமாதம் கோணலாகவே தைத்தோம். அதற்கு எங்களுக்குப் பெரிய முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் பூமணி அக்கா போன் அடித்து ஒரு பாராட்டுச் சொல்வார். முதல் சட்டைக்குச் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"ஒரு கை கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு மகள். வெக்கை காலத்துக்கு நல்லந்தான்."

தலைநகரத்துத் தமிழ்

எங்கள் போன் திட்டத்தில் தானாகப் போகிற மெசேஜ்களும் உண்டு. மேலிடத்தில் யாரோ எழுதியவை. "மதிப்பிற்குரிய பயனாளி அவர்களே, தங்களது நல்வாழ்வினைக் கருத்திற்கொண்டு..." என்று தொடங்கும். முடியும் வரை வாசித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. எழுதியவரே வாசித்திருப்பாரா என்பது சந்தேகம். யாரும் பதில் போடவில்லை. தாய்மாருக்கு அக்கறையில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

அடுத்த கிழமை நானே ஒன்று எழுதி அனுப்பினேன்: "என்ன கா, சாப்பிட்டாயா? பிள்ளை படுக்க விட்டுதா?" குளிசை என்று ஒரு சொல்லும் இல்லை, கிளினிக் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆர் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது. அரை மணித்தியாலத்துக்குள் போன் சுடச்சுடப் பதில்கள். சிரிப்புப் படம், பிள்ளையின் படம், சோற்றுக் கோப்பையின் படம், "இல்லக்கா, ஒரு கண் மூடல்ல" என்று புலம்பல். ஏறாவூரில் இருந்து ஒரு தாய் போனே அடித்துவிட்டாள். பழைய மெசேஜ்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன்.

"அல்லாவே, அதெல்லாம் நீங்களா அனுப்பின? இவ்வளவு சுத்தமான தமிழ்ல வந்தா போன் கொம்பனிக்காரனெண்டுதான் நான் நினைப்பன்!"

ரிங் கட்

காசில்லாமல் பேசுகிற கலையில் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு தரம் அடித்து வெட்டினால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு தரம் என்றால் மீன் வாங்கி வா. அதையே நாங்களும் பிடித்துக்கொண்டோம். இரவு எட்டு மணிக்கு நான் ஒரு ரிங் கட் கொடுப்பேன். குளிசை போட்டதும் தாய் ஒரு ரிங் கட் கொடுப்பாள். ஒரு சொல் பேசத் தேவையில்லை. இந்த ஒழுங்கில் முதல் சேர்ந்தவள் சுகந்தி. அவள் ரிங் கட் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆரையம்பதிக் கோயில் திருவிழாவில் ஒரு நாள், மேளச் சத்தத்தில் எட்டு மணியை அடியோடு மறந்துவிட்டேன். சாமி வீதி சுற்றி வந்தபிறகு போனை எடுத்துப் பார்த்தால் திரை நிறைய ரிங் கட். ஒவ்வொரு தாயும் தன்பாட்டில் குளிசை போட்டுவிட்டு எனக்கு அடித்திருக்கிறாள். அந்தக் கூட்டத்துக்குள் நின்று நான் தனியாகச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். கடைசியாக வந்தது ரிங் கட் இல்லை, உண்மையான அழைப்பு. சுகந்தி.

"அக்கா, எங்களுக்கு நீங்க அடிச்சு ஞாபகப்படுத்துறீங்க. உங்களுக்கு ஆர் அடிக்கிற?"

நடு வாவியில் சிக்னல்

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. அங்கே சில ஊர்களில் சிக்னல் என்பது விருந்தாளி மாதிரி, வந்தால் வந்ததுதான். வயல்வட்டை நடுவில் வரம்பில் ஏறி நின்றால் ஒரு கோடு, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு கோடு என்று தாய்மார் இடம் பிடித்து வைத்திருப்பார்கள். ஒருத்திக்கு நல்ல சிக்னல் கிடைப்பது வாவியைக் கடக்கும் பாதையில்தான். சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிற மிதவைக்குத்தான் எங்கள் ஊரில் பாதை என்று பெயர். அது நடு வாவிக்கு வந்ததும் அவள் எனக்கு அடிப்பாள்.

அன்றைக்குக் குளிசையை மாற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவளைச் சுற்றிலும் ஆட்கள். நான் சொல்வதற்கெல்லாம் அவள் "ஓம்... ஓம்... ராவைக்கு ஒண்டு... ஓம்" என்று மட்டும் சொன்னாள். கரை நெருங்க நெருங்கக் குரல் விட்டு விட்டு வந்தது. சொல்லி முடியவில்லையே என்று நான் தவித்தேன். அப்போது பாதை ஓட்டுகிறவரின் குரல் என் காதுக்கே தெளிவாகக் கேட்டது. என்ன கதை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் மினக்கெடவில்லை.

"கதைச்சு முடி புள்ள. கரைக்குப் போனா உனக்கு இழுக்காது. நான் ஆறுதலா விடுறன், இவங்களுக்கு என்ன அவசரம்!"

ஒற்றை டிக்

இனிச் சொல்லப்போவது சிரிப்பாக இருக்கவில்லை. சுகந்தியின் பிள்ளை தவழத் தொடங்கிய காலம். ஒரு நாள் எட்டு மணிக்கு அவள் ரிங் கட் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அடித்தால் அந்தப் பெண், அதே குரல், தற்போது தொடர்புகொள்ள முடியாதாம். கணவருக்கு அடித்தேன். ஹோட்டலில் ஆட்கள் நிறைந்த காலம், அவர் வீட்டுக்குப் போய்க் கன நாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் முடியாது. அவள் சம்மதம் இல்லாமல் வாசல் மிதிப்பதில்லை என்பது எங்கள் சத்தியம். நான் பயந்துபோனேன். மருந்தை விட்டால் கிருமி தலைதூக்கும். இவ்வளவு தூரம் கொண்டுவந்த தாயும் பிள்ளையும் கைநழுவிப் போகிறார்களே என்று நசீராவும் நானும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இருந்தோம்.

தவணை நாள் வந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கிளினிக் பூட்டுகிற நேரத்துக்குச் சுகந்தி வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை, கையில் துணிப் பை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். எல்லாம் அலுத்துப்போய்விட்டது அக்கா, நல்லாத்தானே இருக்கிறேன் என்று போனை நிறுத்தி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன், குளிசையையும் விட்டுவிட்டேன், வருகிற எண்ணமே இருக்கவில்லை என்று அழுதாள். அம்மாதான் துணியைக் கையில் திணித்து, கலியாண வீடு ஒன்று வருகிறது, இன்றைக்கே தையல் அக்காவிடம் கொடு என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாவாம். அன்று இரவே எட்டு மணிக்கு ரிங் கட் வந்தது. அதற்கு முன், டாக்டரைப் பார்த்து மருந்தோடு அவள் புறப்படுகையில், ஆருடைய கலியாணம், எப்போது சட்டை வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாக்கா. அம்மா ஆர்ட கலியாணமெண்டு சொல்லவேயில்ல."

மயில் பச்சை

பிள்ளைக்கு ஒன்றரை வயதானது. கடைசிப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. முடிவு வருகிற காலை. வாசலைப் பார்த்தேன். சுகந்தி வருகிறாள், பிள்ளை தன் காலால் தட்டித் தட்டி நடந்து வருகிறது. பின்னால் ஒரு அம்மா வருகிறார். மயில் பச்சைச் சட்டை, ஒரு கை முழங்கைக்கு மேலே, மற்றது முழங்கைக்குக் கீழே. நசீரா மேசைக்குக் கீழே ஏதோ தேடுகிறவள் மாதிரிக் குனிந்துவிட்டாள். எனக்கு அந்த வசதியும் இல்லை.

டாக்டர் சுகந்தியை உள்ளே கூப்பிட்டார். அவள் அம்மாவையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கதவு திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. சுத்தம். நான் வாய்விட்டே அழுதேன், நசீரா "அல்ஹம்துலில்லாஹ்" என்று பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள், பிள்ளை என் போனைப் பிடுங்கி யாருக்கோ ரிங் கட் கொடுத்தது. அந்தச் சந்தோசத்துக்குள் பூமணி அக்கா என் பக்கத்தில் மர வாங்கில் வந்து உட்கார்ந்தார். சட்டையின் நீளக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்: "பிள்ளைக்குப் பாணி குடுத்தாச்சா எண்டு கேக்கிற தையல்காரிய நான் எங்க மகள் கண்டன்? ஏதோ மருந்துப் பிரச்சினை, இவள் எனக்கு ஒளிக்கிறாள் எண்டு அண்டைக்கே விளங்கிட்டு. கேட்டா மருந்தையும் சேத்து ஒளிப்பாள். போன கிழமைதான் தானா வாய் திறந்தவள். அதுவரைக்கும் துணி குடுத்தா உன்னட்ட வருவாள்தானே எண்டு இருந்தன்."

 மாதாமாதம் வந்த துணிகள், ஆருடையது என்று தெரியாத அந்தக் கலியாணம், காற்றோட்டம் என்ற பாராட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவ்வளவு சட்டையையும் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். சந்தைக்குப் போட்டுப் போனாராம், ஆர் தைத்தது என்று ஊரே கேட்டதாம், பெயரைச் சொல்லி உன் பிழைப்பைக் கெடுக்க விரும்பவில்லை என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியவர், ஏதோ மறந்தவர் மாதிரித் திரும்பி, பைக்குள் கையை விட்டார்.

"பிள்ளைக்குச் சோதிச்சு முடிஞ்சிட்டு. இவள் இன்னும் குளிசை போட வேணுந்தானே. இந்தா, அடுத்த மாசத்துத் துணி."

தாய்மாரைத் தொடர்பில் வைத்திருக்கும் இந்தத் தொழிலில் மெசேஜும் ரிங் கட்டும் எனக்கு இப்போது கைவந்துவிட்டன, சட்டைக்குக் கை வைப்பதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.